பாஸ்டர் லீவில் இருந்த வீட்டுக்கு ஒரு வேன்

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வேனில் பதினேழு பேர் இருந்தோம். கமிட்டித் தலைவர் ஜேக்கப் அங்கிள், அவர் மனைவி ரோஸ்லின் ஆன்ட்டி, பாடகர் குழு மொத்தமும், ஒரு கிட்டார், இரண்டு அண்டா பிரியாணி, அப்புறம் கமிட்டிச் செயலாளர் என்ற பெயரில் நான். வராதவர் செல்வம் அண்ணன். கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து, காலில் கம்பி வைத்து, மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் கூடும் சின்ன சபை எங்களுடையது. பாஸ்டர் வந்து பதினோரு ஆண்டுகள். ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. இந்த ஜூன் பள்ளி விடுமுறைக்குத்தான் நாலு வாரம் கேட்டார். கொடுத்துவிட்டோமா உடனே? இரண்டு கூட்டம் போட்டுப் பேசினோம். "ஊழியக்காரருக்கு என்னங்க லீவு?" என்றுகூட ஒருவர் கேட்டார்.

ஒருவழியாகச் சனிக்கிழமை கிளம்பினார்கள் – பாஸ்டர், பாஸ்டரம்மா, எட்டு வயது மகள் ஹன்னா. எல்லை தாண்டி ஜொகூரில், கோத்தா திங்கி பக்கம் ஒரு டுரியான் பழத்தோட்டத்து வீடு. போகும்போது என் கையில் இரண்டு தாள்களைக் கொடுத்தார். ஒன்றில் செல்வம் அண்ணனை எந்த நாளில் யார் போய்ப் பார்ப்பது என்ற பட்டியல். "அவருக்கு இங்க சொந்தம்னு யாரும் இல்ல." இன்னொன்றில் வீட்டு முகவரி. "எமர்ஜென்சின்னா மட்டும், தம்பி."

மறுநாள் ஆராதனை முடிந்ததுமே ஜேக்கப் அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார். "பாவம் லா, தனியா இருப்பாங்க. அடுத்த ஞாயிறு ஒரு சர்ப்ரைஸ் கொடுப்போம். அட்ரஸ் உங்கிட்டதானே இருக்கு?"

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? என் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். சட்டையை இன் பண்ணிய பெரியவர் ஒருவர் கேட்டால், வாய் யோசிப்பதற்குள் கை நீட்டிவிடுகிறது. இன்னும்!

மூன்று மணி நேரப் பயணம். வேன் நின்றபோது பாஸ்டர் கைலியும் பனியனுமாக, ஹன்னாவின் சைக்கிளைப் பின்னால் பிடித்தபடி ஓடிக்கொண்டிருந்தார். பாஸ்டரம்மா மரத்தடி நாற்காலியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஹன்னாதான் கேட்டுக்கு வந்தாள். திறக்கவில்லை.

"அப்பா லீவ்ல இருக்காங்க, அங்கிள். ஜூலைல வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். "வாயப் பாரு, எவ்வளவு ஸ்மார்ட்டு!" நானும்தான் சிரித்தேன்.

அரை மணி நேரத்தில் பாஸ்டர் சட்டை, பேன்ட்டுக்கு மாறியிருந்தார். பாடகர் குழு பாடியது. "ஒரு சின்ன ஜெபம் பாஸ்டர்" என்று வரிசை கட்டினார்கள். ஒருவருக்கு மகனின் வேலை. இன்னொருவருக்கு மச்சானோடு தகராறு – பாஸ்டரைத் தனியாக மரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். ரோஸ்லின் ஆன்ட்டி சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "பாஸ்டரம்மா, சும்மாத்தானே இருக்கீங்க? டீ கிடைக்குமா?"

பதினேழு டீ. ஹன்னாவின் சைக்கிள் புல்லில் கிடந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பாஸ்டர் கேட்டார். "செல்வம் எப்படி இருக்காரு? இன்னைக்கு யாரு போறது?"



"அது வந்து... எல்லாருக்கும் வேலை பாஸ்டர்," என்றார் ஜேக்கப் அங்கிள். "வீக்டேஸ்ல கஷ்டம் லா."

"இன்னைக்கு ஞாயிறு, அங்கிள். சரி, இந்த ஒரு வாரத்துல ஒருத்தராவது?"

என்னைப் பார்த்தார். பட்டியலில் புதன்கிழமை என் பெயர். ஜூரோங்கில் ஓவர்டைம் இருந்தது என்றேன். உண்மைதான். வியாழக்கிழமை ஓவர்டைம் இல்லை என்பதும் உண்மைதான்... அதைச் சொல்லவில்லை.

பாஸ்டர் திட்டவில்லை. பாஸ்டரம்மாதான் டீ கப்புகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே கேட்டார். "பதினேழு பேரு மூணு மணி நேரம் வேன்ல வந்திருக்கீங்க. நம்ம சபையிலேர்ந்து அந்த ஆஸ்பத்திரிக்கு எம்ஆர்டி ரயில்ல எத்தனை ஸ்டேஷன், தம்பி?"

"நாலு, அக்கா."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

திரும்பும் வழியில் ஜேக்கப் அங்கிள் சொன்னார்: "நம்மளப் பாத்ததும் பாஸ்டர் முகத்துல என்ன சந்தோஷம்! கவனிச்சியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்குப் பெயர் பாசமா? நாம் காட்ட வேண்டிய அக்கறையை நமக்குப் பதிலாகக் காட்டுவதற்குச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்திருக்கிறோம். அவர் லீவில் போனால் அக்கறையும் லீவில் போய்விடுகிறது. பிறகு அவரைத் தேடிப்போய் இழுத்துவருகிறோம்... பிரியாணியோடு!

செவ்வாய்க்கிழமை பாஸ்டர் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. சபை வாட்ஸ்அப்பில் ஜேக்கப் அங்கிள் போட்டார்: 'நம்மைப் பிரிந்து பாஸ்டரால் இருக்க முடியவில்லை.' கீழே முப்பது கைகூப்பல்கள்.

புதன்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வம் அண்ணன் பதறி எழ முயன்றார். "பாஸ்டர் நேத்தே வந்து பாத்துட்டாரே தம்பி. வேலைய விட்டுட்டு நீங்க எதுக்கு?"

நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பதினோரு ஆண்டுகளில் அந்தக் குடும்பம் கேட்டது இருபத்தெட்டு நாள். நிம்மதியாகக் கிடைத்தது எட்டு. நாங்கள் பிடுங்கிக்கொண்டது இருபது.