புறங்கையில் முளைத்த மரு

என் புறங்கையில் மருக்கள் முளைத்தபோது அதையும் கிண்டலாக்கினேன். "பொண்டாட்டி கிட்னி குடுத்தாண்ணே, மரு இலவச இணைப்பு!" என்று பேரையூர்க் கடைக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். விதை விற்பதற்காக நாளெல்லாம் வெயிலில் பைக்கில் அலைகிறவன் நான். கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டால் மரு உதிரும் என்றார்கள். போட்டேன். மீன்களுக்கு ரசம் கிடைத்ததுதான் மிச்சம்.

ஒரு மரு ஆறாத புண்ணான பிறகுதான் என் மனைவி செல்வி என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். சதையெடுத்துச் சோதித்துவிட்டு, தோல் புற்றுநோய் என்றார் அவர். மாற்றுக் கிட்னியை உடம்பு ஒதுக்காமலிருக்க நான் சாப்பிடும் மாத்திரை, எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடுமாம். அந்த நிலையில் மருவைத் தரும் வைரஸும் வெயிலும் சேர்ந்தால் இப்படியும் ஆகலாமாம்.

"புண்ணை வெட்டி எடுத்துடலாம். ஆனா மாத்திரையையும் குறைக்கணும். கிட்னி போனாலும் போயிரலாம்" என்றார்.

செல்வியின் முகம் வெளுத்திருந்தது. அவளைச் சிரிக்க வைக்க நினைத்து, "அம்புட்டுதானா சார்? இவகிட்ட இன்னொண்ணு ஸ்டாக் இருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஆமா சார், இருக்கு. வேணும்னா அதையும் எடுத்துக்கங்க. இந்த மனுசன் இருந்தாப் போதும்."



இப்போது முழுக்கைச் சட்டையும் கையுறையுமாகத்தான் வெளியே போகிறேன். புண்ணை வெட்டியெடுத்து, மாத்திரையையும் குறைத்தாயிற்று. கிட்னி தாங்குமா, தெரியவில்லை. இத்தனை வருடமும் அவளைச் சிரிக்க வைப்பதாக நினைத்துக்கொண்டு, நான் மட்டுமே சிரித்திருக்கிறேன்.