பாக்கியத்தின் பையும் மயிலிட்டிக் கயிறும்

போன வியாழக்கிழமை ஒரு பள்ளிக்கூடப் பையிடம் நான் தோற்றுப்போனேன்.

சாதாரணப் பை என்று நினைத்துவிடாதீர்கள். தெல்லிப்பழையிலிருந்து தினமும் பஸ்ஸில் யாழ்ப்பாணப் பட்டினம் போய்ப் படித்து வரும் என் மகள் பாக்கியத்தின் பை அது. கட்டிக் கொடுப்பவள் அவளுடைய அம்மா. கிழமைக்குக் கிழமை இந்தப் பத்தியை வாசிக்கும் உங்களுக்கு என் வீட்டுக்காரியைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டுமா என்ன?

புத்தகம், கொப்பி, பேனை — சரி. வாழையிலையில் கட்டிய பிட்டு — அதுவும் சரி. மை கொட்டினால் துடைக்கப் பழந்துணி, சட்டை கிழிந்தால் ஊசியும் நூலும், தலையிடித்தால் உரைத்துப் பூச வேர்க்கொம்பு, களைத்தால் பனங்கட்டி, வெயிலோ மழையோ பிடிக்க ஒரு குடை... எல்லாவற்றுக்கும் அடியில், கயிறு சுற்றிய ஒரு சின்னப் பட்டை. கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற அதே பனையோலைப் பட்டைதான்!

"பிள்ளை பள்ளிக்கூடம் போறாளோ, கதிர்காம யாத்திரை போறாளோ?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடக் கிணத்து வாளியை ஆர் ஆரெல்லாமோ தொடுகினம். என்ரை பிள்ளை அதிலை குடிக்க வேண்டாம். நீங்கள் உங்கடை பேப்பர் வேலையைப் பாருங்கோ."

அவளுடைய ஆசாரம் பற்றி எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதங்களை எழுத இந்தப் பக்கம் போதாது. ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டவன் நான்தான். சோறு வேண்டுமே!

அன்றைக்குப் பாக்கியம் எழுதவேண்டிய பெரிய சோதனை. சித்தியடைந்தால் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம். தவறினால், படித்தது போதும், கலியாணத்தைப் பேசுவோம் என்று உறவுக்காரர் வாசல் படலையடியில் காத்து நிற்கிறார்கள். ஒன்பது மணிக்கு மண்டபக் கதவைச் சாத்திவிடுவார்கள். துணைக்கு நானும் கிளம்பினேன். பையை நான்தான் சுமந்தேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

நடுவழியில், இணுவில் ஊரை நெருங்கும்போது பஸ் ஒரு பெருமூச்சு விட்டது. முன்னால் ஒரே ஆவி.

"றேடியேற்றர் கொதிச்சுப் போச்சு. தண்ணி விடாமல் ஒரு அடியும் நகராது" என்றார் டிரைவர். சீற்றுக்கு அடியில் இருந்த தண்ணீர்த் தகர ரின்னை எடுத்துப் பார்த்தார். அடியில் ஓட்டை!

இந்த யுத்த காலத்துப் பெற்றோல் தட்டுப்பாட்டில் அடுத்த பஸ் எப்போது வரும்? அது நல்லூர்க் கந்தனுக்குத்தான் வெளிச்சம்.

றோட்டோரம் ஒரு புகையிலைத் தோட்டம். அதில் ஒரு கிணறு. பாதிப்பேர் இறங்கி ஓடிப்போய் எட்டிப் பார்த்தோம். தண்ணீர் நிறைய இருந்தது... ஆனால், தோட்டக்காரர் கயிற்றையும் வாளியையும் வீட்டுக்குக் கொண்டு போயிருந்தார். பாக்கியம் என் முகத்தைப் பார்த்தாள். "பிள்ளைக்குச் சோதினை, நேரம் போகுது!" என்று நான் டிரைவரிடம் கத்தினேன்.

"ஐயா, பையைத் தாங்கோ!" என்றாள் மகள்.

புத்தகங்களைப் புல்லில் போட்டுவிட்டு அடியிலிருந்து பட்டையை இழுத்தெடுத்தாள். ஓலை புதுக்கருக்குக் கலையாமல் இருந்தது. ஈரம் பட்ட அடையாளமே இல்லை.

"உந்தப் பட்டையை நீ ஒருநாளும் நனைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"நான் எல்லாரோடையும் வாளியிலைதான் குடிக்கிறனான். அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

பட்டை கிணற்றுக்குள் இறங்கியது... பாதியில் நின்றுவிட்டது. பள்ளிக்கூடக் கிணற்றின் ஆழத்துக்கு அளந்த கயிறு இணுவில் கிணற்றுக்குக் காணுமா?

அப்போதுதான் பஸ்ஸின் பின் சீற்றில் இருந்த, கடற்கரை மயிலிட்டிப் பெண் ஒருத்தி இறங்கி வந்தாள். சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகிறவள். கருவாட்டு ஓலைக் கடகத்தைக் கட்டியிருந்த கயிறு அவள் கையில் இருந்தது.

"இஞ்சை கொண்டா பிள்ளை. சோதினைக்குப் போற பிள்ளையெல்லே?"

இரண்டு கயிற்றையும் முடிந்து பட்டையை இறக்கினாள். தண்ணீர் வந்தது! டிரைவர் சாக்கால் மூடியைத் திறந்து ஊற்ற ஊற்ற, அவளும் பாக்கியமும் மாறி மாறி அள்ளினார்கள். இடையில் பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் கையேந்திக் குடித்தார்கள். நானும் குடித்தேன். தித்திப்பான தண்ணீர் — கொஞ்சம் கருவாட்டு வாடையுடன்.

கயிற்றைத் திருப்பிக் கொடுக்கப் போனாள் பாக்கியம்.

"நனைஞ்ச முடிச்சு இனி அவிழாது. நேரம் போகுது, நீ ஏறு பிள்ளை!"

கட்டவிழ்ந்த கடகத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டே அவள் பட்டினம் வரை வந்தாள். கதவைச் சாத்தப் போகிற நேரத்தில் பாக்கியம் மண்டபத்துக்குள் ஓடினாள். வெளியில் நின்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. தாயே, இந்தப் பத்தி உன் காதில் விழுமோ தெரியாது. நீ நல்லாயிருக்க வேண்டும்.

தினமும் தூரம் போய்ப் படிக்கிற பிள்ளையின் பையில் என்ன வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு இனி நான் சிரிக்காமல் பதில் சொல்வேன். எதையும் வையுங்கள். நமக்கு மட்டும் என்று கட்டிக்கொண்டு போகிற சாமான்தான் நடுவழியில் ஊருக்கே உதவுகிறது. அதற்கும் ஊராரின் கயிறு வேண்டியிருக்கிறது.

பின்னேரம் வீட்டில் பையைத் திறந்தாள் என் வீட்டுக்காரி. எங்கள் வீடு சுத்த சைவம். கருவாடு படலை தாண்டியதில்லை.

"உதென்ன வாடை?"

பாக்கியம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், பள்ளிக்கூட வாளியில் குடிப்பது உட்பட! நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன். பட்டை அடுப்புக்குள் போகப்போகிறது என்றே நினைத்தேன்.

என் வீட்டுக்காரி அந்த முடிச்சைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"கயிறில்லாமல் அந்த மனிசி கடகத்தை எப்பிடிக் கொண்டு போனது?"

"கட்டிப் பிடிச்சுக்கொண்டு, அம்மா."

அடுத்த நாள் காலை பையைத் தூக்கினேன். இன்னும் பாரம். உள்ளே பார்த்தேன். முடிச்சு அவிழ்க்காத பழைய கயிற்றுடன் அதே பட்டை. அதன் மேல் ஒரு புதுக் கயிறும், ஓலைப் பெட்டி நிறையப் பனங்கட்டியும்.

"அந்த மனிசியைக் கண்டால் குடுக்கச் சொல்லுங்கோ" என்றாள் என் வீட்டுக்காரி.

நான் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை சோற்றுக்காக அல்ல.