கம்பி வைத்த பல்செட்டு

மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி. இலங்கை மலையகத்து அட்டன் கடைத்தெருவின் மாடியறை ஒன்றில், ரோசா நிறத் தூளை ஏதோ திரவத்தில் குழைத்து, பல் கட்டுகிறவர் என் அம்மாவின் உடைந்த 'பல்செட்டை'ச் சரிசெய்தபோது வந்த அந்த நெடி, எழுபதுகளின் மழைக்காலம் ஒன்றை அப்படியே என் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

அம்மா எங்கள் தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சங்க மாதர் தலைவி. மேல்வரிசைப் பற்களை இளவயதிலேயே பறிகொடுத்தவர். ஆனால் அது தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பதில் படு வைராக்கியம். சிரிப்பு வந்தால் கை முந்தானையைத் தேடிப் போகும். குளிர்காலக் காலைகளில் சில்லிட்டுக் கிடக்கும் பல்செட்டைக் கொதிக்கிற தேயிலைச் சாயத்தண்ணியில் முக்கிச் சூடாக்கி மாட்டிக்கொள்வது அவர் வழக்கம். அந்தச் சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டு வந்ததை யார் கண்டார்கள்? ஒருநாள் ரொட்டியைக் கடித்தார், நடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டது. அப்பா சைக்கிள் டியூப் ஒட்டும் 'சொலூசன்' போட்டு ஒட்டிக் கொடுத்தார். மறுநாள் ரொட்டிக்கே அது தாங்கவில்லை.

அந்த வாரம்தான் அம்மா தோட்ட நிர்வாகியான துரையிடம் பேசவேண்டியிருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் 'பிள்ளைக் காம்பரா'வின் உத்திரம் நடுவில் விரிசல் விட்டுக் கிடந்தது. என் தம்பியும் அதன் கீழேதான் தூங்கினான். மழைக்கு மழை ஒரு பலகைத் துண்டை வைத்து ஆணியடித்துவிட்டுப் போவார்கள். அம்மா பேசாவிட்டால் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை பேசுவார், இன்னொரு பலகைத் துண்டோடு கதை முடிந்துவிடும். "பல்லுப் போனா சொல்லுப் போச்சு" என்று பெரியப்பா வேறு சொல்லிவைத்தார்.

பல் கட்டுகிறவர் சும்மா ஒட்டித் தரமாட்டேன் என்றுவிட்டார். வெறும் ஒட்டு அதே இடத்தில் விட்டுவிடும் என்று சொல்லி, பிளந்த ஓரங்களை அகலமாக ராவி, குறுக்கே எஃகுக் கம்பியைப் பதித்து, அதன்மேல் அந்த ரோசா நிறக் குழம்பைப் பூசினார். இனிமேல் சூடு காட்டவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் துரை, அம்மா சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தச்சனை அனுப்பிப் பலகை அடிக்கச் சொல்வதாகச் சொன்னார். கணக்கப்பிள்ளை தலையாட்டினார். அம்மா, அத்தனை பேரும் பார்க்க, பல்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை. துரை குனிந்து பார்த்தார். அம்மா அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"சும்மா ஒட்டுனது மறுநாளே விட்டுப்போச்சுங்க தொரை. உள்ள கம்பி வச்சப்புறந்தான் நிக்குது. எங்க புள்ளைங்க தலைக்கு மேல இருக்கிறதுக்கும் பலகை வேணாங்க, இரும்பு வைங்க."

அந்த மழைக்காலம் முடியுமுன்னே இரும்புப் பட்டை போட்ட புது உத்திரம் ஏறியது. அந்த அம்மாவின் மகள் என்று நான் பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து நடந்தேன். இன்றும் அந்தப் பெருமை எனக்குக் குறையவில்லை.

இப்போது நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான அந்த லயங்களில் பாதி இல்லை, அம்மாவும் இல்லை. போன வருடம் காம்பராவையும் இடித்துவிட்டார்கள். சுவரெல்லாம் சீக்கிரமே விழுந்துவிட்டதாம், அந்த உத்திரத்தை இறக்கத்தான் ஆட்கள் திணறிப்போனார்களாம். தம்பி ஃபோனில் சொன்னான். அம்மா இருந்து அதைக் கேட்டிருந்தால், முந்தானையைத் தேடாமல் சிரித்திருப்பார்.