பதின்மூன்றாவது படம்

பன்னிரண்டு படம் பிடிக்கிற ஃபிலிம் சுருளில் பதின்மூன்று படம் பிடித்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் ஊரில் பங்குனி மாதம் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற வழக்கமே கிடையாது. அவருக்கு இதில் பேச வாயில்லை.

எங்கள் ஊர் காக்களூர் ஏரிக்கு இந்தப் பக்கம், திருவள்ளூர் ரயிலடிக்கு நடந்தே போகிற தூரம். பங்குனியில் அம்மனுக்குத் திருவிழா நடக்கும். கரகம், கூழ், ஊர்வலம் எல்லாம் முடிந்து கடைசி நாள் காலையில் மஞ்சள் தண்ணீர். கோயில் வாசலில் அண்டா அண்டாவாக மஞ்சளைக் கரைத்து வைப்பார்கள். பாதி அண்டாவில் சுண்ணாம்பைப் போட்டுவிட்டால் அது ரத்தச் சிவப்பாகிவிடும். பட்டணத்தில் வேலைக்குப் போகிற பையன்கள் பச்சையும் ஊதாவுமாகப் பொடி வாங்கி வருவார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் தெரு, சுவர், நாய் எல்லாமே நிறம் மாறியிருக்கும்.

ஆனால் கண்ட மேனிக்கு ஊற்றிவிட முடியாது. முறை வேண்டும். மாமன் மச்சான், அத்தை மகள், கொழுந்தி என்று கேலி செய்கிற உறவாக இருந்தால்தான் ஊற்றலாம். அண்ணன் தங்கைமேல் ஊற்றினால் ஊரே காறித் துப்பும். எனக்கு ஏழாம் வாய்ப்பாடு தடுமாறும், ஆனால் தெருவில் யார் எனக்கு என்ன முறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இன்னொரு சட்டமும் இருந்தது. புருஷன் செத்தவள்மேல் மஞ்சள் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது.

எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தாள். என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகிப் பதினோராம் மாதம், எளாவூர் செக்போஸ்ட் தாண்டி லாரி கவிழ்ந்ததில் அவள் புருஷன் போய்விட்டார். இருபத்தோரு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்து மூன்று வருஷமாகியிருந்தது. திருவிழாவன்று எங்கள் வீட்டு அண்டாவுக்குத் தண்ணீர் சேந்தி நிரப்புகிறவள் அத்தைதான். அதில் மஞ்சளைக் கலக்குகிறவள் அம்மா. கலந்த பிறகு அத்தை பின்பக்கம் போய்விடுவாள். இது யாரும் சொல்லாமலே நடக்கும்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எண்ணூர்ப் பக்கம் மின்சார நிலையம் கட்டுகிற இடத்தில் எலக்ட்ரீஷியனுக்கு ஹெல்பராக இருந்தார். கல்யாணமாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவைப் பார்க்க வருவார். வந்தால் அக்காவோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கேதான் காற்று நன்றாக வருகிறது என்பார். அத்தை துணி துவைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் அங்கேதான். நடுவில் இவர் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு இடைஞ்சலாக இருக்காதா என்று நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

ஒரு நாள் அப்பாவுக்குச் சோறு போடும்போது அம்மா மெதுவாகப் பேச்செடுத்தாள். முறையும் இருக்கிறது, இரண்டு பேருக்கும் மனசும் இருக்கிறது, என் தம்பிக்கே கட்டிவைத்துவிட்டால் என்ன என்றாள். அப்பா பிசைந்த கையை நிறுத்தினார்.

“எனக்கு மட்டும் ஆசை இல்லியா? ஊரு இன்னா சொல்லும்? தாலி அறுத்தவளுக்கு ரெண்டாந்தாலி கட்டி வச்சான்னு தர்மகர்த்தாலேர்ந்து தோட்டி வரிக்கும் வாயில போட்டு மெல்லுவான். இந்தப் பேச்ச உட்டுடு.”

அதோடு பேச்சு நின்றது. எனக்கு அதில் புரிந்தது ஒன்றுதான். ஊர் என்று ஒருத்தர் இருக்கிறார், அப்பா அவருக்கு மட்டும் பயப்படுகிறார்.

அந்த வருஷம் மாமா ஒரு கேமராவோடு வந்தார். வேலை செய்கிற இடத்தில் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு நாளைக்கு இரவல் வாங்கியது. கறுப்பாக, கொஞ்சம் பெரிய சோப்புப் பெட்டி அளவில் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன விசை. அதைத் தட்டினால் டிக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், படம் விழுந்துவிடும். நான் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் அப்புறம் மாமா நிழலுக்குப் போய், தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, கேமராவை என்னவோ செய்வார். துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மொத்தம் பன்னிரண்டு படம்தான் என்று மாமா சொல்லியிருந்தார். ஒன்றை வீணாக்கினாலும் முட்டியைப் பெயர்த்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. அதில் ஒரு படம் அத்தைக்கு. அத்தையிடம் அவள் படம் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்தில் எடுத்த ஒன்றையும் அவள் மாமியார் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாளாம்.

மாமாவிடம் கேட்டேன். அவர் கேமராவைத் துண்டால் துடைத்துவிட்டு, “நான் எடுத்தா தப்பாப் பூடும். கடைசி படத்த வச்சிருக்கறேன். நீ எடு” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திருவிழாவன்று காலையில் கேமராவைப் பார்த்ததும் ஊரே மாமாவை மொய்த்துக்கொண்டது. தர்மகர்த்தா முகத்தில் மஞ்சள் வழிய மூன்று தடவை வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார். மளிகைக் கடைக்காரம்மா, நனைவதற்கு முன் ஒன்று, நனைந்த பிறகு ஒன்று என்று இரண்டு வாங்கிக்கொண்டாள். பூசாரி சாமி வந்து ஆடும்போதே ஓரக்கண்ணால் கேமரா எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே பின்னால் ஓடினேன். எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்றாவது படம் கரகக்காரருக்குப் போனது.

அப்போதுதான் மாமாவின் சிநேகிதர்கள் வந்தார்கள். ஊரையெல்லாம் எடுக்கிறாய், நீ ஒரு படத்தில்கூட இல்லையே என்று அவரைப் பிடித்து இழுத்தார்கள். மாமா வேண்டாம் வேண்டாம் என்றார். விடவில்லை. அவருக்கு மச்சான் முறையாகிற ஒரு பஸ் கண்டக்டர், காக்கிச் சட்டையோடு நடுவில் வந்து நின்று, “ஊத்துடா பாக்கலாம்” என்று கூப்பாடு போட்டார். மாமா என்னைப் பார்த்தார். கேமராவை என் கையில் கொடுத்தார். சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அழுகை முட்டியது. இருப்பது ஒன்று. அதையும் மாமாவுக்கே எடுத்துவிட்டால் அத்தைக்கு இல்லை. மாமா அண்டாவை நோக்கிப் போன நேரத்தில் நான் சந்து வழியாக வீட்டுக்கு ஓடினேன். அடுத்த சந்துதான். அத்தை பின்வாசல் நிலைப்படியில் நின்றுகொண்டு தெருச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரே இருட்டு. அவள் மட்டும் வெள்ளைப் புடவையில் வெளிச்சத்துக்கு வந்திருந்தாள். அத்தை சிரி என்றேன். “ஐய, எனக்கு எதுக்குடி, யாராச்சும் பாத்தா பேஜாராப் பூடும்” என்று வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்து மறைத்தாள். ஆனால் சிரித்துவிட்டாள். டிக்.

திரும்பி ஓடினேன். மாமா சொம்போடு தயாராக நின்றார். மாட்டிக்கொண்டால் முட்டி போய்விடும் என்று ஒன்றும் சொல்லாமல் கேமராவைத் தூக்கினேன். மாமா கையை உயர்த்திக் கண்டக்டர் தலையில் ஊற்றினார். சுற்றி நின்ற ஊர் முழுக்கச் சிரித்தது. நானும் சும்மாவாவது தட்டி வைப்போம் என்று தட்டினேன். சத்தம் வந்தது. டிக். பன்னிரண்டு முடிந்த பிறகும் கேமரா எனக்காக ஒரு படம் பிடித்திருக்கிறது. அம்மன்தான் கொடுத்தாள் என்று கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா திருவள்ளூர் ஸ்டுடியோவிலிருந்து படங்களை வாங்கிக்கொண்டு வந்தார். கவரைப் பிரிக்காமல் அப்படியே அப்பா கையில் கொடுத்தார். வீட்டில் மரியாதை அப்படி. அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்து அம்மாவிடம் கொடுத்தார். அத்தனை மஞ்சளும் சிவப்பும் படத்தில் சாம்பலாகப் போயிருந்தன. தர்மகர்த்தாவுக்குக் கால் இல்லை. பூசாரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வேப்பிலைக் கொத்து மட்டும் இருந்தது. அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பன்னிரண்டாவது படத்தை எடுத்த அப்பா அதை அம்மாவிடம் கொடுக்கவில்லை.

நான் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். கோயில் வாசல். சுற்றிலும் ஊர். மாமா சொம்பைத் தூக்கி ஊற்றிக்கொண்டிருக்கிறார். கண்டக்டரைக் காணோம். அவர் இருந்த இடத்தில் அத்தை நிற்கிறாள். வெள்ளைப் புடவையில், தண்ணீருக்குப் பயந்தவள் மாதிரி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு. தண்ணீர் அவள் தலையில்தான் விழுகிறது. இரண்டு படமும் ஒன்றாகிவிட்டன. நான் என்னவோ தப்பு செய்து இரண்டையும் வீணாக்கிவிட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு ஒன்றுக்கு வந்துவிடும் போலிருந்தது.

அப்பா படத்தை மாமாவிடம் நீட்டினார். “இன்னாடா இது?”

மாமா வெகுநேரம் அதைப் பார்த்தார். சுருளைத் தள்ளாமல் இரண்டு தடவை தட்டினால் ஒன்றின்மேல் ஒன்று விழும் என்பது அவருக்குத் தெரியும். கேமராவைக் கொண்டுவந்த அன்றைக்கே அம்மாவிடம் அதை விளக்கிக்கொண்டிருந்தாராம், நான்தான் பக்கத்தில் இல்லை. தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். முட்டி போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஊத்தினேன் மாமா. தப்புதான்” என்று அப்பாவிடம் சொன்னார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா சமையலறைப் பக்கம் திரும்பி, “ஏம்மா, மெய்யா?” என்றார். அத்தை கதவோரம் வந்து, மாமாவிடமிருந்து வாங்கி அம்மா நீட்டிய படத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். அன்றைக்கு அவள் நிலைப்படியைத் தாண்டவே இல்லை என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். “ஆமாண்ணா” என்றாள்.

அடுத்தது அம்மா. பொய் சொன்னால் தொடையில் திருகுகிற என் அம்மா. “அந்தப் பொடவைய நான்தான் தொவச்சேன். ரெண்டு வாட்டி சோப்பு போட்டும் மஞ்சக்கறை போவல” என்றாள்.

அந்தப் புடவை முற்றத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா கழுத்தைத் திருப்பினால் போதும். நீலம் போட்டு வெள்ளைவெளேரென்று இருந்தது.

அப்பா படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அத்தையின் இடுப்புக்குப் பக்கத்தில் கண்டக்டரின் சட்டைக் கையோடு ஒரு முழங்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் விரலை வைத்து, “இது யாரு கையி?” என்றார். பக்கத்தில் நின்றவர் கையாக இருக்கும் என்று அம்மா சொன்னாள். அப்பா அம்பத்தூருக்கு ரயிலில் போய்வந்த ஃபிட்டர். இரும்பில் நூல் அளவு பிசகினாலும் தள்ளிவிடுகிறவர். அவர் விரல் முழங்கையிலிருந்து மெதுவாக நகர்ந்து ஊர்க்காரர்கள் முகங்களுக்குப் போனது.

“தர்மகர்த்தா சிரிச்சிகினு நிக்கிறாரு. ஊரே சிரிச்சிகினுதான் நிக்கிது” என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. “ஊரே பாத்துகினு சும்மா இருந்திச்சே. இதுக்கு மேல நான் இன்னா சொல்றது?”

எழுந்து கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். கொடியில் புடவை வழியை மறைத்துக்கொண்டிருந்தது. மாட்டிக்கொண்டோம் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்பா அதை ஒரு கையால் தூக்கி, குனிந்து, அந்தப் பக்கம் போனார். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, பாவம் என்று நினைத்தேன்.

மறுநாள் அவர் அந்தப் படத்தைத் தர்மகர்த்தா வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டினார். இன்னொரு படத்தில் கால் போயிருந்தாலும் இதில் தர்மகர்த்தா முழுசாக விழுந்திருந்தார். அந்தச் சந்தோஷத்தில் அவர் படத்தில் வேறு யாரையும் சரியாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. எனக்கு ஒன்று போட்டுக் கொடுக்கச் சொல் என்று மட்டும் கேட்டாராம். தான் நேரில் பார்த்ததை அவர் எப்படி இல்லையென்பார்.

வைகாசியில் திருத்தணியில் மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணம் நடந்தது. அத்தை அரக்குப் புடவையில், முகமெல்லாம் மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்தாள். எனக்கு நெஞ்சில் ஒரு பாரம். என் முட்டிக்காக மூன்று பெரியவர்கள் சாமி மாதிரி நின்று பொய் சொல்லியிருக்கிறார்கள், நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. படியிறங்கும்போது அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னேன். “அத்த, நான் அடி வாங்காம இருக்கத்தான நீயும் மாமாவும் அன்னிக்கி பொய் சொன்னீங்க? நான் இனிமே கேமராவத் தொடவே மாட்டேன்.”

அத்தை அந்தப் படியிலேயே உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமா வந்து எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. விழாத ஒரு அடிக்காக இவ்வளவு அழ வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. புதுப் பாவாடை வேறு நனைந்துகொண்டிருந்தது.