மாத்திரையில் ஒரு பங்கு

சிலுவையின் வாயில் எந்த ரகசியமும் தங்காது என்றுதான் தேங்காய்ப்பட்டணத்தில் நாங்கள் நினைத்திருந்தோம். மூன்று மாதம் எங்கள் அத்தனை பேரையும் ஏமாற்றிவிட்டான், கள்ளன்.

மாரடைப்பில் பிழைத்தவனுக்கு நெஞ்சில் பலமில்லை. கோயில் படி ஏற நாலு இடத்தில் நிற்பான். இதயத்தை உந்தித் துடிக்கவைக்கும் புது மாத்திரையைப் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. சிலுவையைச் சேர்த்துக்கொண்டார்கள். அவன் வள்ளத்துக் கூட்டாளி குமாரதாஸுக்கும் பின்னாலேயே மாரடைப்பு வந்தது. சிறுநீரகம் சரியில்லையென்று அவனைச் சேர்க்கவில்லை.

கடலுக்குப் போகமுடியாமல் படுத்தவன் வீட்டுக்கும் இங்கே மீனில் பங்கு போகும். சிலுவை படுத்திருந்தபோது ஒருநாள் தவறாமல் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் குமாரதாஸ். அந்த நன்றி இவன் கண்ணை மறைத்துவிட்டது. தனக்கு ஆஸ்பத்திரியில் தந்த தினசரி ரெண்டு மாத்திரையில் ஒன்றை அவனுக்குக் கொடுத்துவந்தான்.

மூன்றாம் மாதம் காலி டப்பாவை வாங்கிய நர்ஸ் ஷைஜா பேச்சுவாக்கில் சொன்னாள்: "சிறுநீரகம் கெட்டவங்களுக்கு இது உள்ளயே தங்கிரும். ஆளே போயிருவாங்க."

சிலுவைக்கு வேர்த்துக் கொட்டியது. சொன்னால் தன்னைச் சோதனையிலிருந்து தள்ளிவிடுவார்கள். மூச்சு இப்போதுதான் கொஞ்சம் வசப்பட்டிருந்தது. ஆனாலும் வாய் பொத்தி நிற்க அவனால் முடியவில்லை.

"மாதாவே, கூட்டாளிய நான் கொன்னுட்டேன்!" என்று அழுதுவிட்டான்.

உடனே மாத்திரை விஷயத்தைச் சொல்லி ஆளனுப்பிக் குமாரதாஸை வரவழைத்தார்கள். அவன் கையில் ஒரு ஊறுகாய் டப்பா. திறந்தால் உள்ளே அத்தனை மாத்திரையும் அப்படியே இருந்தது.

"ஏலே, ஒண்ணும் தின்னல்லியா?"

"சோதனை முடிஞ்சா ஒனக்கு யாரு தருவா மக்கா? ஒனக்குன்னுதான் எடுத்து வச்சேன்."

சிலுவை வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான். திட்டிக்கொண்டே அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

டாக்டர் கோபப்பட்டார், நடந்ததை ஒளிக்காமல் எழுதி மேலே அனுப்பினார். சிலுவை தொடரலாம், ரெண்டையும் அவனே சாப்பிட்டால் மட்டும் என்று பதில் வந்தது. குமாரதாஸுக்கு ஏற்ற வேறு மருந்து கொடுத்தார்கள்.

போன வாரம் ஆறு நிமிட நடைச் சோதனை. சிலுவை ஓரிடத்திலும் நிற்கவில்லை. அது மருந்தா மாவா, இன்னும் யாருக்கும் தெரியாது. வராந்தாவின் கோடியில் காத்திருந்த குமாரதாஸ் கேட்டான்: "ரெண்டையும் தின்னியா?"

சிலுவை வாயை ஆவென்று திறந்து காட்டினான்.