இன்னும் ரெண்டு கிளிக்

நிறுத்தி வைத்திருக்கும் கார் எதுவானாலும் அவர் அதைச் சும்மா கடந்து போகமாட்டார். முன்சக்கரத்துக்கு மேலே உள்ளங்கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்குவார். கையை எடுத்ததும் வண்டி எழும்பி, ஆடி, அடங்கும். அந்த இரண்டு விநாடியை உற்றுப் பார்த்துவிட்டு, "இது போச்சு" என்றோ "பரவால்ல" என்றோ முணுமுணுத்துக்கொண்டு நகர்வார். வங்கி வாசல், பள்ளிக்கூட வாசல், துக்க வீட்டு வாசல் என்ற பேதம் கிடையாது. துக்க வீடு ஒன்றில் அவர் அமுக்கிய வண்டி, திருடன் வந்துவிட்டதாக நினைத்து அலறத் தொடங்கியது. உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தார்கள். அதற்குள் இவர் அடுத்த வண்டிக்குப் போயிருந்தார்.

கார்களுக்கு, குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனை மாற்றிக் கொடுப்பது அவருடைய தொழில். டயர் கடை ஒன்றின் பின்புறத்தில், ஒரே ஒரு கார் நிற்கும் அகலத்தில் பட்டறை. அங்கே நாற்காலி கிடையாது. அவர் உட்காருவதில்லை, அதனால் மற்றவர்களும் உட்காருவார்கள் என்று அவருக்குத் தோன்றியதில்லை. டீயை நடந்துகொண்டே குடிப்பார். பாதி குடித்த டம்ளர்கள் பட்டறையில் எங்கெங்கோ முளைத்திருக்கும். மாலையில் டீக்கடைக்காரர் வந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கிக்கொண்டு போவார்.

தொழிற்சாலையிலிருந்து வரும் கார் ஒரே குணத்தோடு வருகிறது. இவர் மாட்டிக் கொடுப்பது குணத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய சாமான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஷாக் அப்சார்பர், அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள வளையத்தைத் திருகினால் கார் உயரும், தாழும். ஷாக் அப்சார்பரின் தலையில் உள்ள சின்னத் திருகைத் திருப்பினால் விறைக்கும், இளகும். ஒவ்வொரு திருப்பலுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம். மொத்தம் முப்பத்திரண்டு சத்தம். ரேஸ் தடத்தில் ஓட்ட ஓர் அளவு, கடைத்தெருவுக்குப் போக ஓர் அளவு. ஆனால் இதுதான் சரியான அளவு என்று அவர் எந்த வண்டியையும் விட்டதை, அவருடைய பழைய வாடிக்கையாளனான நான் பார்த்ததில்லை. சாவியைக் கையில் கொடுத்த பிறகும், "சார், ஒரு நிமிஷம். இன்னும் ரெண்டு கிளிக்" என்று வந்து நிற்பார். வாடிக்கையாளர்கள் அவரைக் கிளிக் அண்ணன் என்றார்கள். நாளடைவில் கடைசி எழுத்து தேய்ந்து கிளி அண்ணன் ஆகிவிட்டார். புதிதாக வருகிறவர்கள் அவருடைய மூக்கைப் பார்க்கிறார்கள். அது சப்பை மூக்கு.

வண்டியைத் தரையோடு தரையாக இறக்கிக் கேட்கும் இளவட்டங்களிடம் அவருக்குப் பொறுமை போதாது. "இறக்கிட்டா வேகம் வந்துடுமா தம்பி? முதல் பள்ளத்துல மானம்தான் இறங்கும்" என்பார். சொல்லிவிட்டு, கேட்டதைவிட ஒரு விரல் உயரம் கூட்டியே வைத்து அனுப்புவார்.

ஆனால் அவருடைய சொந்த வண்டி தரையோடுதான் ஓடும். பழைய சின்ன கார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அதை ரேஸ் தடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். நானும் ஒருமுறை கூடப் போனேன். நான்கு சுற்று ஓட்டுவார், நிறுத்துவார், இறங்கித் திருகுவார், மறுபடி ஏறுவார். காலை முழுவதும் இதே. மதியம் சுற்றுக்கு அரை விநாடி மிச்சம் பிடித்திருந்தார். அந்த அரை விநாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன். என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அந்தக் காரில் அவர் மனைவி ஆறு வருடங்களாக ஏறவில்லை. நூலகத்தில் வேலை பார்க்கிறவர். கட்டை வண்டி இதைவிட மேல், உட்கார்ந்தால் சாப்பிட்டதெல்லாம் நெஞ்சுக்கு வருகிறது என்று ஒருநாள் சொல்லி இறங்கியவர்தான். பிறகு போகவர பஸ்தான். இதில் சண்டை எதுவும் இல்லை. காலையில் இருவரும் ஒன்றாக வாசலுக்கு வருவார்கள். அவர் காருக்கும் அந்த அம்மாள் பஸ் நிறுத்தத்துக்கும் பிரிவார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூலகத்தில் மேல் அடுக்கிலிருந்து புத்தகம் எடுக்க ஏணியில் ஏறிய அந்த அம்மாள், ஏணியோடு சாய்ந்துவிட்டார். முதுகெலும்பில் முறிவு. ஆஸ்பத்திரியிலிருந்து இவருக்குப் பத்தொன்பது முறை போன் செய்திருக்கிறார்கள். போன் பைக்குள் இருந்தது, இவர் தடத்தில் இருந்தார். என்னிடம் இதை ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டே. "ஹெல்மெட்டுக்குள்ள எனக்கு ஒண்ணும் கேக்கல சார்."

அறுவை சிகிச்சை செய்து நான்கு ஸ்குரூ வைத்தார்கள். இவர் டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டு, ஸ்குரூ எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு இறுக்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஆளை ஒரு மாதிரியாகப் பார்த்த டாக்டரம்மா, பிறகு தொழில் தெரிந்தவர் என்று புரிந்து, அளவு காட்டும் கருவி வைத்துத்தான் இறுக்கினோம் என்று பொறுமையாகச் சொன்னாராம். அதில் இவருக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் அதே மூச்சில் டாக்டரம்மா சொன்ன இன்னொன்று நிம்மதியைப் பிடுங்கிவிட்டது. எலும்பு கூடும்வரை குலுக்கல் ஆகாது. வீட்டுக்குப் போகும்போது ஒரு பெரிய அடி விழுந்தாலும் ஸ்குரூ அசைந்துவிடலாம்.

ஆம்புலன்ஸ் இருக்கிறது என்றார்கள். இவர் வாசலுக்குப் போய் அதன் நான்கு மூலையையும் அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தார். "இது மூட்டை ஏத்துற வண்டி சார். ஆளை ஏத்த முடியாது."

பட்டறைக்கு வெளியே வாடிக்கையாளர் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றையும் தொடவில்லை. தன் காரை உயர்த்தி நிறுத்தி, தடத்துக்கென்று தேடிப் பிடித்து வாங்கியிருந்த விறைப்பான ஸ்பிரிங்குகளைக் கழற்றி, மிருதுவானவற்றை மாட்டினார். நான்கு விரல் உயரம் ஏற்றினார். பிறகு, நர்ஸிடம் மனைவியின் எடையைக் கேட்டு, அதே எடைக்கு மணல் மூட்டை கட்டி முன் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு ஒன்பது கிலோமீட்டர். பதினொரு வேகத்தடை, ஒரு ரயில்வே கேட், குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய ஒரு நீளத் துண்டு. மூன்று நாள் காலையும் மாலையும் மணல் மூட்டையோடு அந்த வழியில் போய்வந்தார். ஒரு தடவை மைத்துனரை ஓட்டச் சொல்லி, மூட்டைக்குப் பதில் தானே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வந்தார். பாதி வழியில் மைத்துனரை இறக்கிவிட்டார். "அவன் பிரேக்கை மிதிக்கல சார், உதைக்கிறான்." மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார். வீட்டு வாசலில் நிறுத்தியதும், "பரவால்ல" என்றார். அது காருக்கா எனக்கா என்று தெரியவில்லை.

அனுப்பி வைக்கும் நாளில், காலை பத்து மணிக்கு, அவர் போட்ட கணக்கெல்லாம் கவிழ்ந்தது. நோயாளி நிமிர்ந்து உட்காரவே கூடாது என்றார் பிசியோதெரபிஸ்ட். முன் இருக்கையை முழுக்கச் சாய்த்து, பின் இருக்கையோடு சேர்த்துப் படுக்கையாக்கி, ஒருவர் பின்னால் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும்.

பிடித்துக்கொள்ள வேண்டியவர் யார் என்பதில் சந்தேகமில்லை. ஆகவே ஓட்ட வேண்டியவன் நான். ஆனால் அவர் சொல்லாமலே எனக்கு விளங்கியது: முன்னால் இருந்த எடை பின்னால் போய்விட்டது. அவரும் பின்னால். மூன்று நாள் உழைப்பும் வேறு யாருடைய காருக்கோ செய்ததுபோல் ஆகிவிட்டது.

என் பக்கம் திரும்பி என் எடையைக் கேட்டார். சொன்னேன். என் வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், விளையாடாதீங்க." ஐந்து கிலோவைக் கூட்டி உண்மையைச் சொன்னேன்.

சக்கர நாற்காலிகளும் பூங்கொத்துகளும் போய்வரும் அந்த வாசலில், வெள்ளைச் சட்டையோடு டிக்கியைத் திறந்து உள்ளே தலையை விட்டார். டிக், டிக் என்று பின்பக்கம் விறைத்தது. பானெட்டைத் திறந்து முன்பக்கத்தை இளக்கினார். எழுந்தார், நான்கு மூலையையும் அமுக்கினார், மறுபடி குனிந்தார். டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினார். காவலாளி வந்து வண்டியை எடுக்கச் சொன்னார். இவருக்கு அது காதில் ஏறவில்லை. என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, இறங்கி, திருகி, மறுபடி ஏறினார். நெற்றி வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. முக்கால் மணி நேரம் இப்படியே போனது. படுக்கையில் காத்திருந்த மனைவி இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார். மூன்றாவது முறை நர்ஸ் வந்து, அந்தப் படுக்கைக்கு அடுத்த நோயாளி வந்தாயிற்று என்றதும்தான் டிக்கியை மூடினார்.

அந்த அம்மாளைப் பலகைபோல் அசையாமல் ஏற்றிப் படுக்கவைத்தார்கள். கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். கிளி அண்ணன் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து, இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் எனக்கு அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை மனைவியைப் பார்க்கவில்லை, சாலையைத்தான் பார்த்தன.

"சார், லெஃப்ட் ஓரம் போங்க. இப்ப விடுங்க. பிரேக் வேணாம், தானா ஏறட்டும்."

முதல் வேகத்தடையில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி ஏறி இறங்கியது. இரண்டாவது, மூன்றாவது. குழாய் பதித்த துண்டில் நடக்கிற வேகத்தில் போனேன். பின்னால் ஒரு பஸ் ஓயாமல் ஹாரன் அடித்தது. அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போ போ என்று அதை விரட்டிவிட்டு, மறுபடி தோளைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தடைக்கும் முன்னால் அவர் விரல்கள் இறுகுவதை அந்த அம்மாள் உணர்ந்திருக்க வேண்டும். ஒரு கட்டத்தில், வலிக்கிறது, ரோட்டால் அல்ல, உங்கள் பிடியால் என்றார். அவர் சட்டென்று தளர்த்தினார். இரண்டு நிமிடத்தில் மறுபடி இறுகிவிட்டது.

வருடக்கணக்காக பஸ்ஸில் நின்றுகொண்டே போன வழி அது. எந்த மேடு எங்கே வரும் என்று அந்த அம்மாளுக்கு உடம்பு சொல்லும். பெரிய மருந்துக் கடையைத் தாண்டியபோது கண்ணை மூடியபடி கேட்டார்:

"என்னங்க, ரயில்வே கேட் இன்னும் வரலையா?"

நாங்கள் அதைத் தாண்டி அரை கிலோமீட்டர் ஆகியிருந்தது.

"வந்துடுச்சும்மா. தாண்டியாச்சு."

அந்த அம்மாள் கண்ணைத் திறந்தார்.

"ஆறு வருஷமா இப்படி வெச்சிருக்கலாம்ல?"

கண்ணாடியில் இருந்த கண்கள் முதன்முறையாகச் சாலையை விட்டு விலகின. எங்கே போயின என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. எதிரே ஏழாவது வேகத்தடை வந்துகொண்டிருந்தது. அவர் எனக்கு வழி சொல்லவில்லை. நானாகவே ஏறி இறங்கினேன்.

வீட்டு வாசலில் மைத்துனர் வாடகைக்கு எடுத்த சாய்வுச் சக்கர நாற்காலியோடு நின்றிருந்தார். அந்த அம்மாள் முகத்தில் வலிச்சுளிப்பு இல்லை. காரிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போதுகூட மைத்துனரை, சாப்பிட்டாயா என்று விசாரித்தார். சாதித்துவிட்ட மனிதனை வாழ்த்த நான் கையை நீட்டினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. நாற்காலியை மெல்லத் தள்ளிக்கொண்டு போனவர், வாசற்படியின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். தரையிலிருந்து சற்றே எழும்பிய நிலைப்படிக் கட்டை, மூன்று விரல் உயரம் இருக்கும். தினமும் கடந்துபோகிற கட்டை. ஒன்பது கிலோமீட்டரையும் எண்ணியவர் இதை எண்ணவில்லை.

நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோமே, தூக்கிவிடலாம் என்றார் மைத்துனர். ஆமாம், தூக்கிடுங்களேன் என்றார் அந்த அம்மாளும். கிளி அண்ணன் இருங்கள் என்று கையைக் காட்டினார். வெள்ளைச் சட்டையோடு வாசலில் குப்புறப் படுத்தார். கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கட்டையின் உயரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.