கஞ்சித் துணியில் ஒரு கப்பற்படை

சும்மா இருக்கத் தெரியாத கை என்னுடையது. பகலெல்லாம் சர்வே ஆபீசில் ரப்பர் தோட்டங்களின் எல்லைக் கோடுகளைப் படியெடுப்பேன். சாயங்காலம் மலாக்காவில் காஜா பெராங் தெருவிலிருந்த வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கப்பல் வரைய உட்கார்ந்துவிடுவேன்.

எல்லாம் போர்க்கப்பல்கள். எந்த நாட்டுக்கு என்றால், இல்லாத நாட்டுக்கு. போர்த்துக்கீசியன் வந்த அன்று மலாக்கா சுல்தான் ஜெயித்திருந்தால்? அப்புறம் டச்சுக்காரன் ஏது, துரை ஏது? அந்த மலாக்காவுக்கு இன்றைக்கு ஒரு கப்பற்படை இருந்திருக்கும் அல்லவா, அதைத்தான் வரைந்தேன். பன்னிரண்டு கப்பல்கள். பீரங்கியை முன்னால் வைத்தால் மூக்கு கனக்கும். பின்னால் தள்ளினால் புகைபோக்கி இடிக்கும். சோறு ஆறிப்போகும். எழுந்து நடப்பேன், மறுபடி சுரண்டி அழிப்பேன். நம் கடலோ சேறு. பெரிய கப்பல் கரைக்கு வெகுதூரத்தில்தான் நிற்கும். அதனால் என் கப்பல்களுக்கெல்லாம் தட்டையான அடி. அந்த ஒரு யோசனைக்கே ஒரு வருஷம் பிடித்தது.

வரைந்தது ஆபீஸ் துணியில். படியெடுக்கும் துணி, கஞ்சி ஏற்றி வழவழவென்று இருக்கும். வேண்டாத துண்டுகளை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் கஞ்சியும் மையும் கழன்று நல்ல மல் துணி கிடைக்கும். ஆபீஸ்காரர் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதில்தான் சட்டை.

என் மனைவி மலாக்கா செட்டி வீட்டுப் பெண். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். தமிழ் படிக்கத் தெரியாது. துவைக்க வேண்டிய கட்டின்மேல் நான் ‘கழிவு’ என்று எழுதுவேன். ஆபீசுக்குத் திரும்ப வேண்டிய கட்டில் இங்கிலீஷ் இருக்கும்.

ஐரோப்பாவில் சண்டை தொடங்கியிருந்த சமயம். ஒருநாள் காலையில் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, என் மேசையருகே குனிந்தார்.

“தம்பி, வீட்டுல போர்க்கப்பல் வரையிறியாமே? எவனோ துரைகிட்ட போட்டுக் குடுத்துட்டான். மத்தியானம் உன் வீட்டுக்குப் போலீஸ் வருது. உளவாளின்னு சொன்னா வேலை மட்டும் போகாதுடா, உள்ள தூக்கிப் போட்டுருவான்.”

“ஐயா, அது இல்லாத நாட்டுக் கப்பலுங்க!”

“அதைப் போலீஸ்காரன்கிட்ட சொல்லு.”

ஆபீசை விட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். சைக்கிளை மிதித்த மிதியில் சங்கிலி கழன்றது. மாட்டினேன், மறுபடி கழன்றது. சனியன்! தள்ளிக்கொண்டே ஓடினேன். எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டும். எரிக்க மனசு வருமா என்றுதான் தெரியவில்லை.

கப்பல்களைக் கட்டி வைத்திருந்த தகரப் பெட்டியைத் திறந்தால் காலி. கட்டின்மேல் ‘தொடாதே’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேனே! கத்தினேன். ஏழு மாத வயிற்றோடு நின்ற மனைவி கொல்லைப்புறத்தைக் காட்டினாள். கொடியில் வெள்ளை வெளேரென்று பன்னிரண்டு துணிகள்.

“ஆடா தூலிஸ் தமிழ், புவாங் லா!”

தமிழ் எழுதியிருந்தால் வீசுகிற துணிதானே என்கிறாள். அவளைச் சொல்லி என்ன பிரயோசனம்? தமிழ் எழுத்துக்கு அப்படியோர் அர்த்தத்தை அந்த வீட்டில் கற்றுக்கொடுத்த மடையன் நான்தான்.

போலீஸ் வந்தது. பாயை உதறினார்கள், அரிசிப் பானைக்குள் கைவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் கொடிக்குக் கீழே குனிந்து போகையில் ஈரத்துணி அவர் தொப்பியில் உரசியது. ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போனார்கள்.

பிழைத்துவிட்டேன். ஆனாலும் கப்பல் கவிழ்ந்தவன்போலக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். ஊரில் சும்மா சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே பன்னிரண்டும் கவிழ்ந்திருந்தன. அழுகை வந்தது, அழுதேன்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அது என்னவென்று கேட்டாள்.

“கப்பல்” என்றேன். அவள் மொழியிலும் அதே வார்த்தைதான்.

“காப்பால்? செமுவா?” எல்லாமா?

தலையாட்டினேன். அவள் எழுந்து போய் ஒவ்வொரு துணியாக வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். கடைசித் துணியில் மட்டும் ஒரு கோடு மங்கலாக நின்றது, சேற்றுக் கடலுக்காக நான் தட்டையாக்கிய அடி.

பதினொரு துணியில், இரண்டு மாதம் கழித்துப் பிறந்த மகளுக்குச் சட்டை தைத்தாள். அந்த ஒன்றை மட்டும் மடித்துத் தகரப் பெட்டியில் வைத்து, மேலே ஏதாவது எழுதச் சொன்னாள். தமிழில் எழுதப் பயமாக இருந்தது. இங்கிலீஷில் எழுதினேன்.